ஹைட்ரண்ட் என்றால் சிலிண்டர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீ விபத்து பற்றிய செய்தி வந்திருந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. செய்தியின் கடைசிப் பத்தியில் 'அங்கிருந்த ஹைட்ரண்ட் எனப்படும் தீயணைப்பு சிலிண்டர்கள் காலாவதியாகியிருந்தன' என்று போட்டிருந்தீர்கள். சிலிண்டர் காலாவதியாகும், சரிதான். ஆனால் அதன் பெயர் ஹைட்ரண்ட் இல்லை. ஹைட்ரண்ட் என்பது தீயணைக்கத் தண்ணீர் எடுப்பதற்காகச் சுவரோடு, தரையோடு இருக்கும் இரும்புச் சமாச்சாரம். அதை யாரும் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

நான் தீயணைப்புத் துறையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, 33 வருடம் கழித்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். ஒரு வார்த்தைக்காக இவ்வளவு நீளக் கடிதமா என்று உங்கள் உதவி ஆசிரியர் அலுத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தை ஒரு ராத்திரி என்னை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது. அதைச் சொன்னால் என் கோபம் புரியும்.

வருடத்தையும் குடியிருப்பின் பெயரையும் விட்டுவிடுகிறேன், அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டின் ஹாலில் இன்வெர்ட்டர் பக்கம் தீப்பிடித்து, சோபாவில் ஏறி, திரைச்சீலை வழியாக ஜன்னலுக்கு வந்துவிட்டது. எங்கள் வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர். கேட்பதற்கு நிறையத் தெரியும். ஒரு ஹோஸ் பைப்பில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் பத்தே நிமிடத்தில் தொட்டி காலி. இன்னொரு நிலையத்திலிருந்து இரண்டாவது வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் வந்து சேரக் கால் மணி நேரமாவது ஆகும். அதனால் இறங்கியதும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அண்ணே, ஹைட்ரண்ட் எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

பெரியவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "இதோ சார்" என்று ஓடினார். திரும்பி வரும்போது ஒரு சிவப்பு சிலிண்டரைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்குகிறது, முகத்தில் ஒரு பெருமை. "இந்தாங்க சார், ஹைட்ரண்ட்."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் பெயின்ட் அடித்து ஓர் அறிவிப்பு இருந்தது. 'தீ விபத்தின்போது ஹைட்ரண்டை (தீயணைப்பான்) எடுத்து உபயோகிக்கவும்.' எழுதியவருக்குத் தெரியவில்லை, படித்தவர் எழுதியபடி நடந்தார்.

உண்மையான ஹைட்ரண்டை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். இரண்டு ஸ்கூட்டருக்கும் ஒரு பழைய கட்டிலுக்கும் பின்னால் இருந்தது. பக்கத்தில் உள்ள பெட்டியில் இரண்டு ஹோஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, அதிலும் எலி வாய் வைத்திருந்தது. பிராஞ்ச், அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனை, இல்லவே இல்லை. பித்தளையில் செய்தது, என்றைக்கோ எடைக்குப் போயிருக்கும். எங்கள் ஹோஸை மாட்டிச் சக்கரத்தைத் திருப்பினால் திரும்பவில்லை. பைப் ரெஞ்சு போட்டுத் திருப்பினோம். கொஞ்சம் துருத் தண்ணீர் வந்தது, அப்புறம் காற்று. பம்ப் ரூம் பூட்டியிருந்தது. சாவி சங்கச் செயலாளரிடம், செயலாளர் கொடைக்கானலில். பூட்டை உடைத்து உள்ளே போனால், மின்கட்டணத்துக்குப் பயந்து பம்ப் பேனலை ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள். அதை உயிர்ப்பித்துத் தண்ணீர் வரவழைப்பதற்குள் இரண்டாவது வண்டியே வந்துவிட்டது. ஒரு பாட்டியை முதுகில் சுமந்து இறக்கினோம். ஹாலும் ஒரு படுக்கையறையும் போய்விட்டன.

சரி, ஹைட்ரண்ட் என்றால் என்ன? எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும் ஒரு குழாயில், ஹோஸ் மாட்டுவதற்காக வைத்த வாய். அவ்வளவுதான். சிலிண்டரைச் சொம்புத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் ஹைட்ரண்ட் கிணற்றடி. சொம்பு கைக்கு எட்டும், உடனே ஊற்றலாம், உடனே தீர்ந்தும் போகும். வீடுகளில் மாட்டியிருக்கும் ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் அழுத்தத் தொடங்கி அரை நிமிடத்துக்குள் காலி. அடுப்படியில் பிடித்த தீக்கு அது போதும். ஹாலை விழுங்கிய தீக்குக் கிணற்றடிதான் வேண்டும்.

கட்டடங்களில் மாடிக்கு ஒன்றாகச் சுவரில் சிவப்பு வால்வு இருக்கும். அதை நாங்கள் லேண்டிங் வால்வு என்போம். வாய் 63 மில்லிமீட்டர். வளாகத்தில் தரையிலிருந்து எழுந்து நிற்பது யார்டு ஹைட்ரண்ட். இவை போகக் கேட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாய்கள் ஒன்றிரண்டு இருக்கும். அதையும் ஹைட்ரண்ட் என்று நினைத்து ஹோஸ் மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அது வேறு, தண்ணீர் அங்கே வெளியே வராது, உள்ளே போகும். கட்டடத்து பம்ப் வேலை செய்யாவிட்டால் எங்கள் வண்டியிலிருந்து கட்டடக் குழாய்க்குள் தண்ணீரை ஏற்றுவதற்காக வைத்த வழி. அன்று ராத்திரி அதையாவது பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் வாயில் யாரோ சிமென்ட் பூசி ரோஜாத் தொட்டி வைத்திருந்தார்கள்.

இப்போது என் சொந்த வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் சேர்ந்த காலத்தில் நாங்கள் யாரும் இந்த வார்த்தையை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒருவர் 'ஐடரன்' என்பார், இன்னொருவர் 'ஆண்ட்ரன்' என்பார். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்ற மிதப்பில், 'ஹை' என்றால் உயரம், ஹை பிரஷரில் தண்ணீர் வருவதால் ஹைட்ரண்ட் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, பின்னால் வந்த பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பல வருடம் அப்படித்தான் நம்பினேன். ஓய்வு பெற்ற பிறகு பேரன் வேதியியல் படிக்கும்போது, "தாத்தா, ஹைட்ரஜனில் வருகிற ஹைட்ரோ என்றால் கிரேக்கத்தில் தண்ணீர்" என்றான். எரிந்தால் தண்ணீரை உண்டாக்கும் வாயு என்பதால் ஹைட்ரஜன் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்தார்களாம். அன்றைக்குத்தான் என் 'ஹை' விழுந்தது. அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை, "தெரியும்டா" என்றேன். அதற்கப்புறம் ஒரு மாதம் அகராதிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

இது கிரேக்க நாட்டில் பிறந்த வார்த்தை இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை. பண்டைய கிரேக்கர் யாரும் ஹைட்ரண்டைப் பார்த்ததில்லை. வார்த்தை அமெரிக்காவில் பிறந்தது. அகராதிகள் காட்டும் முதல் ஆண்டு 1806. தண்ணீருக்கான கிரேக்க வேரை எடுத்து, 'சர்வன்ட்', 'டெனன்ட்' போன்றவற்றின் கடைசியில் வருகிற லத்தீன் வாலை ஒட்டிவிட்டார்கள். தலை ஓர் ஊர், வால் ஓர் ஊர். இலக்கணக்காரர்கள் முறையற்ற கலப்பு என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ரயில் நிலையத்தை 'ரயிலடி' என்று சொல்லிக்கொண்டு நாம் நன்றாகத்தானே இருக்கிறோம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஏன் இப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது? 1793-ல் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அழுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். கொசு என்று தெரிய இன்னும் நூறு வருடம் இருந்தது. அந்த பயத்தில் ஆற்றுத் தண்ணீரை நீராவி இயந்திரத்தால் இறைத்து, மரக்கட்டைகளைக் குடைந்து செய்த குழாய் வழியாக ஊருக்குள் விட்டார்கள். 1801-ல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அங்கே பொறியாளராக இருந்த ஃபிரெடரிக் கிராஃப், குழாய்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு தூண் வைத்து அதில் வால்வும் வாயும் பொருத்தினார் என்றும், அதுவே இப்போதைய ஹைட்ரண்டின் பாட்டன் என்றும் சொல்கிறார்கள். அதற்கு அவர் வாங்கிய காப்புரிமைத் தாள் எங்கே என்றால், 1836 டிசம்பரில் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்தில் தீப்பிடித்து ஆயிரக்கணக்கான தாள்கள் சாம்பலானதில் அதுவும் போய்விட்டதாம். ஹைட்ரண்டின் காப்புரிமையே தீயில் போனது என்ற இந்தக் கதையை எங்கள் நிலையத்தில் சொன்னால் பையன்கள் அரை மணி நேரம் சிரிப்பார்கள்.

அதற்கு முன்னாலும் பெயர் இல்லாமல் இல்லை. லண்டனில் குழாய்கள் இலுப்பைக் கட்டை போல ஒரு மரத்தில், எல்ம் என்பார்கள், குடைந்தவை. தீப்பிடித்தால் தெருவைத் தோண்டி, குழாயில் துளை போடுவார்கள். குழியில் தண்ணீர் தேங்கும், வாளியில் மொண்டு ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் துளைக்கு ஒரு மரத்தக்கை அடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை அந்தத் தக்கையைப் பிடுங்கினால் போதும். அதனால் 'ஃபயர் பிளக்', தீத்தக்கை. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் இரும்பு ஹைட்ரண்டைக்கூட இன்றைக்கும் பேச்சில் பிளக் என்றுதான் சொல்கிறார்கள். தக்கை போய் இருநூறு வருடம் ஆகிறது.

இந்தத் தேடலில் எனக்கு மிகப் பிடித்தது வேறு ஒன்று. கிரேக்கத்தில் தண்ணீருக்கு 'ஹூதோர்', ஆங்கிலத்தில் 'வாட்டர்', சம்ஸ்கிருதத்தில் 'உதகம்'. மொழியியல்காரர்கள் மூன்றையும் ஒரே வேரில் கிளைத்தவை என்கிறார்கள். கோயிலில் சங்கோதகம் தெளிக்கிறார்களே, அந்த உதகம். 'சமுத்திரம்' என்பதற்குள்ளும் அதே வேர்தான் இருக்கிறது. நம் 'நீர்' இந்தக் குடும்பத்தில் சேராது, அது தனி வம்சம். ஆனால் உதகம் வழியாகப் பார்த்தால் ஹைட்ரண்ட் நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை.

இதைப் படித்ததும் கொல்கத்தா ஞாபகம் வந்தது. நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில் பயிற்சியில் இருந்தபோது கொல்கத்தாக்காரர் ஒருவர் என் அறைத்தோழர். பிறகு ஒருமுறை காசிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவர் ஊரில் இரண்டு நாள் இருந்தேன். காலையில் தெருவுக்கு வந்தால், நடைபாதையோரத்தில் கலங்கல் தண்ணீர் பொங்கிக்கொண்டிருக்கிறது. ரிக்‌ஷா இழுப்பவர்கள் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள். "இதுதான் எங்கள் ஹைட்ரண்ட்" என்றார் நண்பர். வெள்ளைக்காரன் காலத்தில் தெரு கழுவவும் தீயணைக்கவும் ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் தனிக் குழாயில் விட்ட ஏற்பாடு. நான் அதில் கால் நனைத்தேன். அன்றைக்கு அதைச் சேறு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் ஹூக்ளி கங்கையின் கிளைதானே, கங்கோதகம்!

நம் ஜனங்களுக்கு ஹைட்ரண்ட் அறிமுகமானது ஆங்கிலப் படங்களில். கார் வந்து மோதும், சிவப்புத் தூண் உடையும், தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும். எல்லா ஹைட்ரண்டும் அப்படிப் பொங்காது. பனி விழும் ஊர்களில் வால்வை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைத்து வைக்கிறார்கள், மேலே தெரியும் தூணுக்குள் வேலை இல்லாத நேரத்தில் தண்ணீரே இருக்காது. மோதினாலும் பெரும்பாலும் சும்மா விழும். கலிஃபோர்னியா மாதிரி உறையாத ஊரில் தூணின் வாய்வரை தண்ணீர் நிற்கும். உடைந்தால் ஊற்றுத்தான். படம் எடுப்பவர்கள் கலிஃபோர்னியாவில் இருந்ததால் உலகத்துக்கே அந்த ஹைட்ரண்டுதான் தெரிந்திருக்கிறது.

வாய் இருந்தால் போதாது, வாயும் ஹோஸும் பொருந்த வேண்டும். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று பல ஊர்களிலிருந்து உதவிக்கு இயந்திரங்கள் வந்தன. வந்தவர்களில் பலருடைய ஹோஸ் மரை, அதாவது திருகி மாட்டும் சுற்று, அந்த ஊர் ஹைட்ரண்டில் ஏறவில்லை. ஊருக்கு ஊர் ஒரு மரை. தண்ணீர் பக்கத்திலேயே இருக்க, மாட்ட முடியாமல் நின்றார்கள். 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதற்குப் பிறகுதான் அங்கே பொது அளவு வகுத்தார்கள். நம் நாட்டில் இந்தத் தொல்லை குறைவு. மரை கிடையாது, தள்ளினால் 'டக்' என்று பிடிக்கும் இணைப்பு, அளவு இந்தியத் தரநிர்ணயப்படி ஒன்றே. அந்த 'டக்' சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி வரும். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்வது மாதிரி, அந்தச் சத்தத்தை வைத்து வாஷர் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.

தமிழில் என்ன சொல்வது? இதற்காகத் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பரைப் பிடித்தேன். யோசித்துவிட்டு 'தீநீர்க்குழாய்' என்றார். நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். வீட்டில் சொன்னால் மனைவி சிரிக்கிறாள். சித்த மருந்துக் கடையில் தீநீர் என்றால் ஓமத் தீநீர், வயிற்று வலிக்குக் குடிப்பது. தீப்பிடித்த வீட்டுக்கு ஓமத் தண்ணீர் பாய்ச்சுவதா?

என் மனதில் வந்த வார்த்தை மடை. கண்மாய் பார்த்து வளர்ந்தவன் நான். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எடையோடு நின்றுகொண்டிருக்கும். மடை சின்னதுதான், திறக்கத் தெரிந்தவன் திறந்தால் வயல் நனையும். மடை தூர்ந்துபோனால் கண்மாய் நிறைந்திருந்தும் பயிர் காயும். ஹைட்ரண்டும் இதேதான். நண்பர், 'தீயணைப்பு மடை' என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியாது என்கிறார். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்பது என் கட்சி. பிரெஞ்சுக்காரர்கள் இதைத் 'தீக்கான வாய்' என்ற பொருளில்தான் சொல்கிறார்களாம், அதனால் 'தீயணைப்பு நீர்வாய்' என்றாலும் எனக்குச் சம்மதமே. ஒன்றும் ஒத்துவராவிட்டால் ஹைட்ரண்ட் என்றே இருக்கட்டும். பஸ், ரயில், பேங்க் எல்லாம் இருக்கும் வீட்டில் இதற்கும் ஒரு மூலை கிடைக்காதா?

இந்தக் கடிதத்தைப் பார்க்கும் குடியிருப்பு சங்கத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்ப் ரூமைத் திறந்து பார்த்தால் போதும். தண்ணீர் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான ஒரு மீட்டர் இருக்கும். முள் பூஜ்ஜியத்தில் படுத்திருந்தால் உங்கள் மாடியில் உள்ள சிவப்பு வால்வு வெறும் அலங்காரம். பேனலில் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா பாருங்கள். பெட்டியில் ஹோஸ் இரண்டு, ஒவ்வொன்றும் 15 மீட்டர், ஒரு பிராஞ்ச். சாவி ஒன்று வாட்ச்மேனிடம் இருக்கட்டும். அவரைக் கூட்டிப்போய், இதுதான் ஹைட்ரண்ட் என்று கையால் தொடச் சொல்லுங்கள். அன்று ராத்திரி அந்தப் பெரியவருக்கு யாரும் அதைச் செய்யவில்லை. மறுநாள் அறிக்கை எழுதப் போனபோது அவர் என்னிடம் வந்து, "சார், நான் எடுத்து வந்தது தப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். போர்டைப் பெயின்ட்டால் அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அழித்தார்களா தெரியாது.

ஐயா, திருத்தம் போடுவதாக இருந்தால் பெரிதாக வேண்டாம். 'ஹைட்ரண்ட்' என்று மட்டும் போடுங்கள், பக்கத்தில் சிலிண்டர் என்று சேர்க்காதீர்கள். இடம் இருந்தால் 'தீயணைப்பு மடை' என்று சேருங்கள், கண்மாய்க்காரர்கள் நாலு பேராவது புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்,
மதுரை.